புத்தகப் பை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் சோழர், பிள்ளை வளர்ப்பு, இயந்திர நாய், அலமாரிச் சண்டை எல்லாம் கலந்து கிடக்கின்றன. வகை பிரிக்கப் போனால் இடம் போதாது, வந்த வரிசையிலேயே பார்த்துவிடலாம்.

"பொன்னியின் செல்வன்" ஐந்து பாகமும் முடித்துவிட்டேன், படமும் பார்த்தாகிவிட்டது. இப்போது உண்மையான சோழர் வரலாறு படிக்க ஆசை, அதிலும் ராஜேந்திர சோழன் நம்ம பக்கம் வந்த கதை. சிங்கப்பூரையே அவர்தான் பிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, நிஜமா? எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

கல்கி அந்தத் தொடரை எழுதியது 1950லிருந்து 1954 வரை. கதையோ ராஜராஜன் 985இல் முடிசூடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது, அதனால் கடாரம் (இன்றைய கெடா) கொண்ட ராஜேந்திரனை அந்த ஐந்து பாகத்தில் தேடிப் பயனில்லை. அடுத்த படி நீலகண்ட சாஸ்திரியின் "சோழர்கள்". 1930களில் ஆங்கிலத்தில் வந்தது, தமிழில் இரண்டு பாகமாகக் கிடைக்கிறது. எச்சரித்துவிடுகிறேன், வந்தியத்தேவனோடு குதிரையில் போனவருக்கு இது மாட்டுவண்டிப் பயணம். ஆனால் எந்தக் கல்வெட்டிலிருந்து எந்த முடிவுக்கு வந்தார் என்று வரிக்கு வரி காட்டுவார், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் வாட்ஸ்அப் செய்தி எதைப் பார்த்தாலும் "இது எங்கே பொறித்திருக்கிறது?" என்று வாய் தானாகக் கேட்கும்.

சரி, உங்கள் வாட்ஸ்அப் விஷயத்துக்கு வருவோம். 1025இல் ராஜேந்திரன் கடல் தாண்டி நடத்திய படையெடுப்பைப் பற்றி நமக்குள்ள முக்கியமான சான்று அவருடைய மெய்க்கீர்த்தி, அதாவது அரசரின் வெற்றிகளைப் புகழ்ந்து கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் பகுதி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலும் அது இருக்கிறது. ஸ்ரீவிஜயம் (சுமத்ராவில் இருந்த பேரரசு), பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாநக்கவாரம், கடைசியில் கடாரம் என்று வென்ற ஊர்களை அடுக்கிக்கொண்டே போகிறது. அந்தப் பட்டியலில் சிங்கப்பூரின் பழைய பெயரான துமாசிக் இல்லை. அப்படியென்றால் சிங்கப்பூர்க் கதை எங்கிருந்து முளைத்தது? "செஜாரா மெலாயு" என்ற மலாய் வரலாற்று நூலிலிருந்து. அதில் ராஜா சூலான் என்று ஓர் அரசர் வருகிறார், பெயரிலேயே சோழ வாடை அடிக்கிறது பாருங்கள். சீனாவைப் பிடிக்கப் பெரும்படையோடு கிளம்பி வழியில் துமாசிக்கில் தங்குகிறார். விஷயம் தெரிந்த சீன அரசர் படை எதையும் அனுப்பவில்லை. துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த பழமரங்களையும் பல்போன கிழவர்களையும் ஏற்றி ஒரு கப்பலைத்தான் அனுப்புகிறார். "சீனா எவ்வளவு தூரம்?" என்று கேட்டவர்களுக்கு அந்தக் கிழவர்கள், "நாங்கள் கிளம்பும்போது சின்னப் பையன்கள், இந்த மரமெல்லாம் விதை, இந்த ஊசி கை தடிமன் இரும்புக் கம்பி, வந்து சேர்வதற்குள் எல்லாம் இப்படி ஆகிவிட்டது" என்று சொல்கிறார்கள். ராஜா சூலான் படையைத் திருப்பிக்கொள்கிறார். அதோடும் விடவில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலுக்கு அடியில் இறங்கி அங்கே ஓர் இளவரசியைக் கல்யாணமும் செய்கிறார்!

கதையாகப் படித்தால் அள்ளும். வரலாறாக வைத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் இன்று நம்மிடம் உள்ள வடிவம் 1612 வாக்கில் எழுதப்பட்டது, நடந்ததற்குக் கிட்டத்தட்ட 600 ஆண்டு கழித்து. மலாய் அரச வம்சத்தின் பெருமையைச் சொல்ல எழுதிய நூல் அது. சோழர் பெயர் அத்தனை நூற்றாண்டு இங்கே நினைவில் நின்றிருக்கிறது என்பதற்கு நல்ல சான்று, சிங்கப்பூரைப் பிடித்ததற்கு அல்ல.

ஆங்கிலமும் வாசிப்பீர்கள் என்றால் இரண்டு புத்தகம் சொல்கிறேன், இரண்டும் நம் ஊரில் வெளிவந்தவை. ஒன்று "நாகப்பட்டினம் டு சுவர்ணத்வீபா", 2009இல் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பு. ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தைக் கட்டிக்கொண்டு, அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தையும் தானமாகப் பெற்ற ஸ்ரீவிஜய அரச குடும்பத்தோடு அடுத்த தலைமுறையிலேயே ஏன் போர் மூண்டது, சீன வணிகத்துக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதையெல்லாம் அறிஞர்கள் அதில் விவாதிக்கிறார்கள். ஒரே பதில் கிடைக்காது, அதுதான் அதன் அழகு. இன்னொன்று ஜான் மிக்சிக்கின் "சிங்கப்பூர் அண்ட் த சில்க் ரோடு ஆஃப் த சீ", 2013. ஃபோர்ட் கேனிங் குன்றில் 1984லிருந்து தோண்டியவர் அவர். பானை ஓட்டை வைத்துக்கொண்டே 14ஆம் நூற்றாண்டுச் சந்தையை நம் கண் முன்னால் நிறுத்திவிடுவார். 2018இல் முதல் சிங்கப்பூர் வரலாற்றுப் பரிசு அதற்குத்தான் போனது. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் கிடந்த எழுத்துப் பொறித்த பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்களே, அதன் ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. புத்தகத்தை முடித்த கையோடு போய்ப் பாருங்கள். அந்த எழுத்தை இன்றுவரை யாரும் உறுதியாகப் படித்ததில்லை, அதையும் வாட்ஸ்அப்பில் யாராவது "தமிழ்தான்" என்று முடித்திருப்பார்கள்.

அக்கா, மகன் தொடக்கநிலை 5. பிள்ளை வளர்ப்புப் புத்தகமாக வாங்கிக் குவித்துவிட்டேன். ஒன்று கண்டிப்பாக இரு என்கிறது, இன்னொன்று கண்டிக்கவே கூடாது என்கிறது. படிக்கப் படிக்கத் தலைதான் சுற்றுகிறது. ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள்.
— பொங்கோல் தாய்

ஒன்று சொல்கிறேன், அதற்கு முன்னால் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். நம் கடைகளில் அடுக்கியிருக்கும் பிள்ளை வளர்ப்புப் புத்தகங்களில் பாதிக்கு மேல் அமெரிக்க வீட்டை மனத்தில் வைத்து எழுதியவை. பிள்ளைக்குத் தனி அறை, விளையாடப் பின்கட்டுத் தோட்டம், வீட்டில் பாட்டி கிடையாது, பிஎஸ்எல்இ என்ற தொடக்கநிலை இறுதித் தேர்வு கிடையாது, சனிக்கிழமை டியூஷன் கிடையாது. "குழந்தை கோபப்பட்டால் அவன் அறைக்கு அனுப்புங்கள்" என்று எழுதியிருப்பார்கள். நாலறை வீட்டில் தாத்தா தூங்குகிற அதே அறைக்கா அனுப்புவது?

வருடத்தையும் பாருங்கள். டாக்டர் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல் 1946இல் வந்து கோடிக்கணக்கில் விற்றது. "உங்களுக்கே நிறையத் தெரியும், உங்களை நம்புங்கள்" என்று தாய்மார்களிடம் சொன்ன அருமையான புத்தகம். அதே புத்தகத்தின் பிந்தைய பதிப்புகளில் பல ஆண்டுகள், கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லியிருந்தார். அப்படிப் படுக்க வைப்பது தூக்கத்திலேயே நேரும் திடீர் மரணத்துக்கான அபாயத்தைக் கூட்டுகிறது என்று பிறகு தெரியவந்தது. இன்று எல்லா மருத்துவர்களும் மல்லாந்து படுக்க வைக்கத்தான் சொல்கிறார்கள். அக்கறையுள்ள மனிதர் எழுதிய நல்ல புத்தகத்துக்கே இந்தக் கதி, அதனால் உடல்நலம் பற்றிய அறிவுரைக்குப் பழைய பதிப்பை நம்பவே வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்லும் ஒன்று அடேல் ஃபேபரும் எலேன் மஸ்லிஷும் எழுதிய "ஹவ் டு டாக் சோ கிட்ஸ் வில் லிசன்", 1980. இதுவும் அமெரிக்கப் புத்தகம்தான், பழசும்தான். ஆனாலும் ஏன் சொல்கிறேன் என்றால் அதில் தத்துவம் கம்மி, வசனம் அதிகம். படக்கதை மாதிரி கட்டம் கட்டமாக வரைந்து, பிள்ளை இதைச் சொன்னால் நாம் வழக்கமாக என்ன சொல்வோம், வேறு எப்படிச் சொல்லிப் பார்க்கலாம் என்று காட்டியிருப்பார்கள். ஹைம் கினாட் என்ற உளவியலாளரின் வகுப்புகளுக்குப் போய்வந்த இரண்டு தாய்மார்கள் எழுதியது என்பதால் அலட்டல் இருக்காது. நம் வீட்டுக்கு மாற்றிச் சொன்னால், பையன் "எனக்குக் கணக்கே வராது" என்கிறான். நாம் உடனே "முயற்சி பண்ணாம எப்படி வரும், பக்கத்து புளோக் பையனைப் பாரு" என்போம். அந்தப் புத்தகத்தின் வழி என்னவென்றால், முதலில் "அந்தப் பின்னக் கணக்கு ரொம்பப் படுத்துதா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது. மூடிக்கொள்வதுதான் கஷ்டம், ஒரு வாரம் பழகிப் பாருங்கள்.

ஒன்றுதான் கேட்டீர்கள், ஆனாலும் கூடவே இன்னும் இரண்டைத் தள்ளிவிடுகிறேன், இரண்டுமே தமிழில் கிடைக்கின்றன, இரண்டுமே அறிவுரை நூல்கள் அல்ல. ஜிஜுபாய் பதேக்காவின் "பகல் கனவு". அவர் வக்கீலாக இருந்தவர், குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் பால மந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கினார். லட்சுமிராம் என்ற வாத்தியார் ஒரு நாலாம் வகுப்பை வாங்கிக்கொண்டு ஓராண்டு பரிசோதனை செய்கிற கதை. வகுப்பை எப்படிக் கட்டிப்போடுகிறார் தெரியுமா? கதை சொல்லியே! அப்புறம் தெட்சுகோ குரோயநாகியின் "டோட்டோ-சான்". ஒரு பள்ளியில் இனி வேண்டாம் என்று அனுப்பப்பட்ட சிறுமிக்கு, பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறையாக வைத்திருக்கும் பள்ளி கிடைக்கிறது. முதல் நாள் தலைமையாசிரியர் கோபயாஷி அவள் பேசுவதை மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பார். இதை நீங்களும் படியுங்கள், மகனுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வையே 2023க்குள் எடுத்துவிட்டார்கள், அந்த நேரத்தை உடனே இன்னொரு பயிற்சித் தாள் கட்டுக்குக் கொடுத்துவிடாமல் இதற்குக் கொடுக்கலாமே.

கணவர் ஒவ்வொரு ஜனவரியும் சென்னை புத்தகக் காட்சிக்குப் போய் ஒரு பெட்டி நிறைய வாங்கி வருகிறார். படிப்பது நாலைந்துதான். வீட்டில் இனி வைக்க இடமில்லை. நீங்களாவது சொல்லுங்களேன்.
— செங்காங் வாசகி

சொன்னால் கேட்பாரா என்ன. வாங்குவது ஒரு நோய், படிப்பது வேறொரு நோய், அவருக்கு முதலாவது முற்றியிருக்கிறது. புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும் என்று வீட்டுச் சட்டம் போடுங்கள், போகிறதை நண்பர்களுக்குக் கொடுங்கள். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவர் பட்டியலை வாங்கி நூலகத் தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள், பாதி இங்கேயே இருக்கும். அங் மோ கியோ நூலகத்துத் தமிழ்ப் பகுதிக்கு அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். இரவல் வாங்கினால் 21 நாளில் திருப்பியாக வேண்டும் என்ற பயத்திலாவது படிப்பார்.

தேசிய சேவையில் இருக்கிறேன். அறிவியல் புனைகதை பைத்தியம், ஆனால் இதுவரை ஆங்கிலத்தில்தான் படித்திருக்கிறேன். தமிழில் சுஜாதாவைத் தவிர யாரும் இல்லையா? அவர் எழுதியதெல்லாம் இப்போது பழசாகியிருக்காதா?
— உட்லண்ட்ஸ் வாசகர்

தம்பி, பழசாகித்தான் இருக்கிறது. "என் இனிய இயந்திரா" நடக்கும் காலம் 2020களின் தொடக்கம், அதாவது கதையின் எதிர்காலம் நமக்கு இறந்தகாலம் ஆகிவிட்டது. ஆனால் அறிவியல் கதையை ஜோசியம் மாதிரி பலித்ததா என்று சரிபார்ப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் இந்தியா, பிள்ளை பெற்றுக்கொள்ளவே அரசாங்க அனுமதி வேண்டும், நடுவில் ஜீனோ என்று பேசும், யோசிக்கும், கிண்டலடிக்கும் ஓர் இயந்திர நாய். 1980களின் வாரப் பத்திரிகை வாசகருக்குக் கணினி என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாத காலத்தில், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேலை செய்த ஒரு பொறியாளர், அதிகாரம் இயந்திரத்தின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். அந்தக் கேள்வி பழசாகிவிட்டதா, நீங்களே சொல்லுங்கள். பிடித்தால் "மீண்டும் ஜீனோ"வுக்குப் போங்கள்.

சுஜாதாவைத் தாண்டினால் ஜெயமோகனின் "விசும்பு". இது வேறு ரகம். விண்கலம், லேசர் எல்லாம் தேடாதீர்கள், சித்த மருத்துவம், பறவை, மனித மூளை என்று நம் மரபிலிருந்தே அறிவியல் கேள்வி கேட்கும் சிறுகதைகள். அப்புறம் "அரூ" என்ற மின்னிதழைத் தேடிப் பாருங்கள், சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர்கள் சேர்ந்து தொடங்கியது. அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தி, புதியவர்கள் பலரை இந்தப் பக்கம் இழுத்துவந்தார்கள். எல்லாக் கதையும் தேறும் என்று சொல்ல மாட்டேன், தேறுவது நன்றாகவே தேறும்.

உங்களைப் போன்றவருக்கு இன்னொன்று. 1905இல் ஒரு வங்காளி முஸ்லிம் பெண், பேகம் ரொக்கையா, "சுல்தானாவின் கனவு" என்று ஒரு சின்னக் கதை எழுதினார். ஆண்கள் எல்லாம் வீட்டுக்குள், பெண்கள் ஆட்சியில். சூரிய வெப்பத்தைப் பிடித்து வைத்துச் சமைக்கிறார்கள், எதிரியையும் விரட்டுகிறார்கள், வானத்தில் வண்டி ஓட்டுகிறார்கள். அந்தக் கதை முதலில் அச்சானது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய ஆங்கில மாதர் இதழில். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

லியு சிசினின் "த்ரீ பாடி ப்ராப்ளம்" படித்திருப்பீர்கள், அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதை ஆசியாவிலிருந்து முதலில் வென்ற நாவல், 2015. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு சீனக் கலாசாரப் புரட்சியில் தொடங்குகிறது, சீனத்தில் புத்தகமாக வந்தபோது அந்தப் பகுதி நடுவில் மறைந்திருந்தது. இது தெரிந்து இன்னொரு முறை படித்தால் வேற்றுக்கிரகத்தாரை விட பூமியில் இருப்பவர்கள்தான் பயமுறுத்துவார்கள். முகாமுக்குக் கொண்டுபோகச் சிறுகதைத் தொகுப்புதான் சரி, எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் மூடி வைக்கலாம். காவல் பணியின்போது மட்டும் படித்து மாட்டிக்கொள்ளாதீர்கள், நான் சொன்னேன் என்று அங்கே சொல்லவும் வேண்டாம்.

எனக்கு வயது 76. அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பியவர், ஆனால் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அந்தக் காலத்தைப் பற்றித் தமிழில் நாவல் உண்டா? கண் பார்வை கொஞ்சம் மங்கல்.
— பிடோக் வாசகர்

ஐயா, வணக்கம். உண்டு, மலேசியத் தமிழர்களே எழுதியிருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்", அ. ரெங்கசாமியின் "நினைவுச் சின்னம்". தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1942க்கும் 1943க்கும் இடையில் போட்டு முடித்தார்கள். திரைப்படங்களில் வெள்ளைக்கார போர்க்கைதிகளைத்தான் காட்டுவார்கள், தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு மலேரியாவிலும் காலராவிலும் செத்த ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிட மிக அதிகம். அந்தக் குறையை இந்த இரண்டு நாவல்களும் ஓரளவு தீர்க்கும். உங்கள் அப்பா சொல்லாமல் விட்டதன் காரணமும் அவற்றைப் படிக்கும்போது உங்களுக்குப் பிடிபடலாம். மெதுவாகப் படியுங்கள், பக்கத்தில் பேரப்பிள்ளை யாராவது இருந்தால் நல்லது.

அதே காலத்தை வேறு கோணத்தில் பார்க்க ப. சிங்காரத்தின் "புயலிலே ஒரு தோணி". சிங்கம்புணரிக்காரர், 1938இல் சுமத்ராவின் மேடானுக்குப் பிழைக்கப் போய், போர் முடிந்து 1946இல் திரும்பி, மதுரையில் பத்திரிகை வேலை பார்த்தபடி எழுதினார். நாவல் புத்தகமாக வந்தது 1972இல். பாண்டியன் என்ற இளைஞன் மேடான், பினாங்கு, இந்திய தேசிய ராணுவம் என்று அலைவதுதான் கதை. வட்டிக்கடைச் செட்டியார் பேச்சு, மலாய், டச்சு, மதுரைக் கடைத்தெரு நினைவு, சங்கப் பாட்டு எல்லாம் ஒரே பத்தியில் மோதும். முதல் முப்பது நாற்பது பக்கம் திணறும், அதைத் தாண்டிவிட்டால் விடாது. என்னைக் கேட்டால் நம் வட்டாரத்தைப் பற்றித் தமிழில் வந்த நாவல்களில் இதற்குப் பக்கத்தில் வைக்க வேறொன்றில்லை.

கண்ணுக்கு ஒரு வழி: பெரிய திரையுள்ள தட்டைக் கணினியில் மின்னூலாகப் படித்தால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். தேசிய நூலகச் செயலியை வைத்துத் தரச் சொல்லி வீட்டில் இளையவர் யாரையாவது பிடியுங்கள். சிங்கப்பூர் எழுத்தாளர்களின் பழைய தமிழ் நூல்கள் பலவற்றை 2015இல் மின்மயமாக்கி நூலகத் தளத்திலேயே வைத்திருக்கிறார்கள், அதையும் காட்டச் சொல்லுங்கள்.

நான் இங்கே கட்டுமான வேலை. ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. காசு செலவில்லாமல் என்ன படிக்கலாம்?
— தங்கும் விடுதியிலிருந்து ஒரு வாசகர்

கைப்பேசி போதும். "மதுரைத் திட்டம்" என்ற இணைய நூலகம் 1998இலிருந்து இயங்குகிறது, சங்க இலக்கியம் முதல் சிறுகதை வரை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். புதுமைப்பித்தனின் "துன்பக்கேணி"யில் ஆரம்பியுங்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர்களின் கதை. கடல் தாண்டி வேலைக்கு வந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. மனசு பாரமாகிவிட்டால் கு. அழகிரிசாமியின் "ராஜா வந்திருக்கிறார்". அவரும் 1950களில் கோலாலம்பூருக்கு வந்து பத்திரிகை வேலை பார்த்தவர்தான். ஞாயிறு மழை பெய்தால் பக்கத்திலுள்ள பொது நூலகத்துக்குள் போய்விடுங்கள். உட்கார்ந்து படிப்பதற்கு உறுப்பினர் அட்டை தேவையில்லை, குளிர்சாதனமும் இலவசம்.

உயர்நிலை 2 படிக்கிறேன். அம்மா காமிக்ஸ் படித்தால் படிப்பதாகவே கணக்கில் சேர்க்க மாட்டேன் என்கிறார். தமிழில் பெரிய புத்தகம் எடுத்தால் பத்துப் பக்கத்தில் தூக்கம் வருகிறது. பாதியில் விட்டால் தப்பா?
— தெம்பனிஸ் மாணவி

தப்பே இல்லை, விடு. பிடிக்காததை முடித்துக் காட்டுவதற்கு யாரும் பதக்கம் தரப்போவதில்லை. பாடப் புத்தகத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. காமிக்ஸ் விஷயத்தில் நான் உன் கட்சி. சிவகாசியிலிருந்து 1972இல் வரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி, மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் ஆள், அறிவியல் கதை என்றால் என்ன என்று ஒரு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்தக் கைதான். அவர்களில் நிறையப் பேர் பிற்பாடு தடித்தடி நாவல்களுக்குப் போனார்கள். நீ காமிக்ஸையே தமிழில் படி, நடுவில் "டோட்டோ-சான்" ஒரு அத்தியாயம், ஒவ்வொன்றும் சில பக்கம்தான். அம்மா கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டு. அதற்கும் மசியவில்லை என்றால் பாட்டியிடம் போய், அம்மா உன் வயதில் என்ன படித்தார் என்று விசாரித்து எனக்கு எழுது, அடுத்த இதழில் போட்டுவிடுகிறேன்.